பாதி விமானம்

கொட்டகை,
ஜூன் 9, 1991

டெல்பர்ட்டுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும், உடம்பு முடியாதவனால் ஒரு விமானத்துக்குள் இவ்வளவு மாவைக் கொட்டியிருக்க முடியாது. முன் சீட்டில் மாவு, பின் சீட்டில் மாவு, கால்மிதிகளுக்கு அடியில் மாவு. அதுவும் பனியில் நனைந்து பசையாகி, நான் கரண்டியால் சுரண்டினேன். மேலேயிருந்து மாவுப் பொட்டலம் போட்டு வட்டத்துக்குள் விழவைக்கிற போட்டியில் இந்த ஜூலையிலும் நீதான் ஜெயிப்பாய் என்று வட்டாரமே சொல்கிறது. தாராளமாக ஜெயித்துக்கொள். பழகி முடித்ததும் ஒரு துடைப்பத்தைக் கையில் எடு என்றுதான் கேட்கிறேன்.

விவாகரத்தில் வீடு எனக்கு, படகு உனக்கு, விமானம் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பானபோது, இதை எப்படி அறுப்பீர்கள் என்று நீதிபதியே சிரித்தார். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான் என்று பிரித்துக்கொண்டோம். போனில் பேசினால் கத்திக்கொள்கிறோம், அதனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பையில் கடிதம் வைக்கலாம் என்று சொன்னவனும் நீதான். அந்தப் பையில் கையை விட்டால் பாதி தின்ற சாஸேஜ் ரொட்டி வருகிறது. எலி வந்தால் இறக்கைத் துணியைத்தான் முதலில் கடிக்கும். அடுப்பை அணைக்காமல் மீன்பிடிக்கப் போய் கார் கொட்டகைச் சுவரை எரித்தவனிடம் இதையெல்லாம் சொல்லி என்ன பயன்.

பெட்ரோல் பாதி டாங்க் விட்டுப் போகிறேன். நீயும் அப்படி விட்டுப் போனால் மகிழ்வேன்.

மார்லிஸ்


கொட்டகை,
ஜூன் 16, 1991

மார்லிஸ்,

மாவைத் துடைத்துவிட்டேன். அந்த ரொட்டி என்னுடையது அல்ல. எனக்குக் கடுகு சாஸ் பிடிக்காது, அதில் கடுகு சாஸ் இருந்தது என்று மெக்கானிக் இர்வின் சொன்னார். நீ சுரண்டிய கரண்டியால் தரைப் பலகையில் கீறல் விழுந்திருக்கிறது. அதையும் நான்தான் செய்தேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதே. சுவரை எரித்தது அடுப்பு அல்ல, காற்று.

மற்றபடி வாரம் நன்றாகப் போயிற்று. தனியாகக் கிளப்புவதுதான் தொல்லை. முன்பு நீ உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பாய், நான் மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றுவேன், இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிடுவோம். இப்போது வாலைக் கம்பத்தில் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சுற்றி, ஓடிப்போய் ஏறி, மறுபடி இறங்கி வாலை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. நீ போடும் முடிச்சை அவிழ்க்கக் கத்தி தேவைப்படுகிறது. தயவுசெய்து மனிதர்கள் அவிழ்க்கிற முடிச்சாகப் போடு.

மாவுப் போட்டி நடக்கும் விமானக் கண்காட்சி ஜூலை பதின்மூன்று. அது என் வாரம்தான், பார்த்துவிட்டேன். காலையில் பேன்கேக் விருந்துக்கு நீயும் வருவாய் என்று நினைக்கிறேன்.

டெல்பர்ட்


வீட்டிலிருந்து, தபாலில்
ஜூலை 6, 1991

டெல்பர்ட்டுக்கு,

இது இடது கை எழுத்து. படிக்கக் கஷ்டமாக இருந்தால் கஷ்டப்பட்டுப் படி.

செவ்வாய்க்கிழமை காலை வாலைக் கட்டினேன், கட்டை வைத்தேன், பெட்ரோல் குழாயைத் திறந்தேன். கிளப்புவதற்கு முன் இஞ்சின் கொஞ்சம் பெட்ரோல் குடிக்கட்டும் என்று விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினேன். நாம் எப்போதும் செய்வதுதான். சுவிட்ச் அணைந்திருந்தால் அந்த விசிறி வெறும் மரம். இரண்டாவது திருப்பலில் அது உயிரோடு உதைத்தது. ஒரே ஒரு உதை, அதோடு நின்றுவிட்டது. நின்றிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை என் தங்கைதான் உனக்கு எழுதியிருப்பாள். வலது கையில் இரண்டு விரல் முறிந்துவிட்டது. இர்வின் ஓடிவந்து என் கையில் ஐஸ் கட்டி, விமானத்தை உள்ளே தள்ளிப் பூட்டினார்.

எனக்கு முந்தின வாரம் உன்னுடையது. கடைசியாக இறங்கியவன் நீ. சுவிட்சை அணைக்காமல் போயிருக்கிறாய் டெல்பர்ட். அடுப்பை மறந்தாய், கதவை மறந்தாய், என் பிறந்தநாளை மறந்தாய், எல்லாவற்றையும் இல்லை இல்லை என்றே சாதித்தாய். இதையும் காற்றுதான் செய்தது என்று எழுதினாயானால் நேரில் வந்து உன் கதவை உடைப்பேன்.

நேற்று ஊர் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் கையைப் பார்த்து எல்லோரும் கேட்டார்கள். சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? "அவன் வீட்டு அடுப்பையே அணைக்க மாட்டான், ப்ளேன் சுவிட்சையா அணைக்கப்போறான்?" என்றார் போட்டிக்குப் பெயர் எழுதும் கிளாரன்ஸ். மேசை முழுக்கச் சிரித்தது. வலியோடு நானும் சிரித்தேன்.

மார்லிஸ்


ஜூலை 9, 1991

மார்லிஸ்,

கை எப்படி இருக்கிறது? எந்த விரல்கள் என்று நீ எழுதவில்லை.

தப்பு என்னுடையதுதான். அணைக்காமல் போயிருப்பேன். மன்னித்துவிடு என்று எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன், அந்த வார்த்தை போதாது.

போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். கிளாரன்ஸிடம் போனில் சொல்லிவிட்டேன். என் பாதியை உன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன், நீயும் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கொட்டகைச் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. ஒரு ஆளின் கையை வெட்டப் பார்த்தவன் இனி அதைத் தொடக்கூடாது.

வால் சக்கரத்துக்கு இர்வினிடம் கிரீஸ் போடச் சொல்.

டெல்பர்ட்


வீட்டிலிருந்து
ஜூலை 20, 1991

டெல்,

இது என்ன நாடகம்? நான் சுவிட்சை அணைக்கச் சொன்னேன், சந்நியாசம் வாங்கச் சொல்லவில்லை. எந்த விரல்கள் என்றாயே, மோதிர விரலும் சுண்டு விரலும். கட்டு இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

கண்காட்சி நடந்தது. மாவுப் போட்டியில் கிளாரன்ஸ் ஜெயித்தார் என்று சொல்லக்கூடாது, மற்றவர்கள் தோற்றார்கள். அவர் போட்ட பொட்டலம் பேன்கேக் மேசைக்குப் பக்கத்தில் விழுந்து, பாதிரியாரின் சிரப்பில் மாவு. டெல்பர்ட் இருந்திருந்தால் என்று நாலு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள், என்னவோ நான் உன்னைக் கட்டிப்போட்டதுபோல. எனக்கு எரிச்சலாக வந்தது. உன் மேல்தான்.

வக்கீல் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. கையில் கட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியாவது எழுது. கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. நீ சண்டை போடாமல் இருப்பது எனக்குச் சகிக்கவில்லை.

மார்லிஸ்


வீட்டிலிருந்து
ஆகஸ்ட் 5, 1991

டெல்,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்காவது எழுது. உட்கார்ந்து படி.

வருடாந்தரச் சோதனைக்காக இர்வின் முன்பலகையைக் கழற்றினார். சுவிட்சுக்குப் பின்னாலிருந்து இஞ்சினுக்குப் போகிற ஒயர் அறுந்து தொங்குகிறது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்தா பாரு மார்லிஸ், சுவிட்ச அணைச்சா அந்தச் சேதிய இஞ்சினுக்குக் கொண்டுபோறதே இந்த ஒயர்தான். சில நாள் தொட்டுக்கிட்டு இருந்திருக்கும், சில நாள் விட்டிருக்கும். டெல்பர்ட்டு அணைச்சிருந்தாலும் ஒண்ணுதான், அணைக்காட்டியும் ஒண்ணுதான்." பிறகு குனிந்தபடியே இன்னொன்றும் சொன்னார். அன்று காலை என் கையில் ஐஸ் கட்டிவிட்டு விமானத்தை உள்ளே தள்ளும்போது சுவிட்சைப் பார்த்தாராம். அணைந்துதான் இருந்ததாம். நான் அணைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாராம். நான் அதைத் தொடவே இல்லை டெல்.

தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. விசிறியில் கைவைக்கும் முன் சுவிட்சைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அன்று வானம் தெளிவாக இருந்தது, அவசரம், பார்க்கவில்லை. அதை உனக்கு எழுதவும் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் நீதான் என்று முடிவு செய்துவிட்டேன். உன் அப்பா சொல்லிக்கொடுத்தபடி நாம் இருவருமே பெட்ரோல் குழாயை மூடித்தான் இஞ்சினை நிறுத்துகிறோம். அது தானாகச் செத்த பிறகு சுவிட்சை அணைக்கிறோம். சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதனிடம் யாரும் கேட்டதே இல்லை. இது எத்தனை வாரமாக இப்படி இருந்ததோ. அந்த வாரங்களில் நீயும் அதே விசிறியில் கைவைத்திருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வருஷம் மாவுப் போட்டியில் உன் பெயர்தான் முதலில் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை, அதை நினைத்தால் இப்போதும் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நீ செய்ததையெல்லாம் இல்லை என்று சாதித்தாய். சுவர் எரிந்ததைக்கூட. செய்யாத ஒன்றை மட்டும் ஏன் அப்படி உடனே ஒப்புக்கொண்டாய்? ஒரு சண்டை போட்டிருந்தால் நான் போய் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்திருப்பேன், உன்னைப் பொய்யன் என்று காட்டுவதற்காகவாவது.

சாவியை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வக்கீலின் தாளைக் கிழித்துவிட்டேன். சனிக்கிழமை வா. நீ பழையபடி விசிறியைச் சுற்று, நான் உள்ளே உட்காருகிறேன். உன்னைத் தப்பாகச் சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ வந்தால் நேரிலும் சொல்வேன்.

மார்லிஸ்


ஆகஸ்ட் 12, 1991

அன்புள்ள மார்லிஸ்,

சனிக்கிழமை நீ கொட்டகையில் காத்திருந்தாய் என்று இர்வின் சொன்னார். வராததற்கு மன்னித்துக்கொள். பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது. விரல்கள் கூடிவருகின்றன என்று கேட்டு நிம்மதி.

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டிருக்கிறாய். அணைத்தேனா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை, அதனால் நீ சொன்னதும் நம்பிவிட்டேன். இதே கதையை வேறு யாராவது சொல்லியிருந்தால், "மொதல்ல சுவிட்சுக்குப் பின்னால ஒயரப் பாருப்பா" என்றுதான் சொல்லியிருப்பேன். வாலிப வயதிலிருந்து இந்த மாதிரி இஞ்சின்களோடு கிடக்கிறவன் நான். உன் கடிதத்தைப் படித்தபோது ஒயர் என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. டெல்பர்ட்தான் செய்திருப்பான் என்று, வேறு ஆளைப் பற்றி நினைப்பதுபோல நினைத்தேன்.

முன்பெல்லாம் இல்லை இல்லை என்று கத்தியது நீ சொன்னதை நம்பாததால் அல்ல. நம்பினேன், அதனால்தான் கத்தினேன். இந்தத் தடவை கத்தத் தெம்பில்லை.

இதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பறக்கும்போது ஏதாவது கோளாறு என்றால் காரணத்தைத் தேட வேண்டும். உனக்கு அருகில் நான் தேட மாட்டேன் மார்லிஸ். நான்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். தரையில் அது உன் இரண்டு விரலோடு போயிற்று. மேலே போனால் அப்படி விடாது. அதனால் என் பாதியையும் நீயே வைத்துக்கொள், வக்கீலிடம் வேறு தாள் எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் மேல் கோபம் இல்லை, நீ எழுந்து நின்று சொன்னதை இர்வின் சொல்லிக் கேட்டபோது அழுகை வந்தது. ஆனாலும் வர மாட்டேன். தனியாக மட்டும் விசிறியைத் தொடாதே, இர்வினைக் கூப்பிட்டால் வருவார்.

ஏரிக்கு அந்தப் பக்கத்துத் திடலில் இரண்டு கிழவர்கள் ஒரு பழைய விமானம் வைத்திருக்கிறார்கள், மூன்றாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நேற்று பெட்ரோல் ஊற்றிவிட்டு டாங்க் மூடியைத் திறந்தே வைத்துவிட்டேன். அவர்களில் மூத்தவர் வந்து, "மூடி தொறந்திருக்குப்பா" என்று சொல்லி, தானே மூடிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவர் இன்னும் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் அங்கேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

டெல்பர்ட்