சுடுகாட்டுப் பூ

ஐப்பசி 14, வெள்ளி.

சாயங்காலம் பெரும்பாறைக்குப் போனேன். எங்கள் பள்ளியில் சமைக்கும் செல்வியின் கணவருக்குக் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. இந்த மாதம் மதுரைக்கு ஊசி போட அவர்கள் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

செல்வி வீட்டு அடுப்பில் நித்தியகல்யாணி கொதித்துக்கொண்டிருந்தது. சுடுகாட்டுப் பூ என்று அதை இங்கே யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். பிள்ளைகளின் அந்தப் பயத்தைப் போக்கத்தான், புற்றுநோய் ஊசிமருந்தையே இதிலிருந்து எடுக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். செல்வி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

“நீங்க சொன்னதுதான் டீச்சர். ஊசி போட்டா இவருக்குச் சோறே எறங்கல. அதான் பூவையே காய்ச்சிக் குடுக்குறேன்.”

செடியில் மருந்து கொஞ்சம்தான், மற்றது விஷம் என்று அன்று நான் சொல்லவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. இன்று மணி எதுவும் அடிக்கவில்லை. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைக் கும்பிட்டார்.

“டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே போய்ச் சொல்ல வேண்டும். இந்நேரம் ராத்திரிக் கஷாயத்தைக் குடித்திருப்பார்.