புலி வருஷத்து நேர்த்திக்கடன்

அன்பு மகன் பூமுக்கு,

அம்மா எழுதுவது. நானும் என் சிநேகிதிகள் லம்துவானும் ப்ரயோங்கும் சுகமாக வடக்கே ப்ரே ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஸ்டாக்ஹோமில் நீயும் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டேன், கோபப்படாதே. போனில் நீ பத்து நியாயம் சொல்லி என்னை மடக்கிவிடுகிறாய், கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம்மூர் நகோன் சவானிலிருந்து ஒரே நாளில் வந்துவிடக்கூடிய தூரத்துக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டோம். இருபத்தாறு வருஷம் ஸ்டேஷன் வாசலில் நூடுல்ஸ் விற்றபோது, முதுகில் மூட்டையோடு இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து, இவர்களுக்கு வீட்டில் வேலையே கிடையாதா என்று நினைத்திருக்கிறேன். இப்போது நாங்களே அப்படிப் பையை மாட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிடித்த ஊரில் இறங்கி, அலுத்தால் அடுத்த வண்டி ஏறுகிறோம். போகிற ஊரிலெல்லாம் அக்கம்பக்கத்தாருக்குத் தின்பண்டம் வாங்காமல் ப்ரயோங்கால் இருக்க முடியவில்லை. "நம்ம ஜனம் ஊர் சுத்தவா வருது, பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் வாங்கல்ல வருது" என்று லம்துவான் வழியெல்லாம் அவளை ஓட்டுகிறாள், ஆனால் பொட்டலத்தைப் பிரித்து முதலில் தின்பதும் அவள்தான்.

நடக்க வேண்டாம், திரும்பிவிடு, இல்லாவிட்டால் வேனில் போ என்று நீ சொன்னதற்கு வருகிறேன். நாளைக் காலை ஊரிலிருந்து குன்றின்மேல் இருக்கும் புலி வருஷத்துக் கோயில் வரை ஒன்பது கிலோமீட்டரும் நான் நடக்கத்தான் போகிறேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க நடத்தும் குலுக்கலில் நீ சீட்டெடுக்கப் போன அன்று மாவட்ட அலுவலக வாசலில் நின்று, நீ பிறந்த புலி வருஷத்துக்குரிய புத்தர் தாதுகோபுரம் இங்கே இருக்கிறது என்பதால், இந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டேன். முறைப்படி என் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் சொல்லி, "சிவப்புச் சீட்டு வந்தா பட்டாளத்துல ரெண்டு வருஷம், அந்த ரெண்டு வருஷம் எம்புள்ளைய எங்கிட்டேருந்து பிரிச்சுடாதே, நடந்தே வந்து துணி சாத்துறேன்" என்றேன். கறுப்புச் சீட்டு வந்தது, பட்டாளம் இல்லை என்று ஆனது. கடை, அப்பாவின் வைத்தியம், என் முழங்கால் என்று பதினெட்டு வருஷமாக நான்தான் தள்ளிப்போட்டேன்.

நீ ஏற்பாடு செய்த வேன்காரர் இன்று சாயங்காலமே விடுதிக்கு வந்துவிட்டார், நல்ல மனிதர். காலையில் பைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்க் கோயிலடியில் நிற்கும்படி லம்துவான் சொன்னாள். "பை ஏறும், ஆளு ஏறாதா? உங்க பையன் எங்கிட்ட அம்மாவத்தானே ஏத்தச் சொன்னாரு" என்று அவர் திகைத்துவிட்டார். "அது புள்ளையோட பேச்சு, நேந்துக்கிட்டது ஆத்தா" என்று அவள் சொன்னதும், காலையில் பைகளை எடுக்க வருவதாகச் சொல்லிப் போனார். மருத்துவர் கொடுத்த முழங்கால் பட்டை இருக்கிறது, கடைக்குக் கடை உட்கார்ந்து போவோம், பொழுது சாய்ந்தாலும் பரவாயில்லை.

ஒன்று உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு வருஷத்துக்குத்தான் கேட்டேன், அதைச் சாமி அப்படியே கொடுத்தது. அந்த இரண்டு வருஷம் முடிந்ததுமே நீ படிக்கப் போனாய், பதினாறு வருஷம் ஆகிறது, வந்தது நான்கு தடவை, கடைசியாக அப்பாவைத் தகனம் செய்ய வந்தாய். அதற்கப்புறம் ஆறு சொங்க்ரான் புத்தாண்டு போய்விட்டது. ப்ரயோங் என்னைத் துளைக்கிறாள், "இந்தத் தடவ சரியா கேளு, பய ஊருக்கே வந்துடணும்னு தேதி போட்டுக் கேளு" என்கிறாள். நான் மாட்டேன். நாளை பட்ட கடனைத் தீர்த்துவிட்டு, துணி சாத்திக் கும்பிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிவிடுவேன். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் ஒரு தடவை நேர்ந்துகொண்டது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. கடைசியாக ஒன்று, சாமியிடம் கேட்காததை உன்னிடமே கேட்கிறேன், முடியாது என்றாலும் முடியாது என்றே எழுது, அம்மா தாங்கிக்கொள்வேன்: பூம், நீ வீட்டுக்கு வருகிறாயா?

உன் அம்மா
வன்பென்