நம் புள்ளி துடிக்கிறதா

மடிக்கணினி சூடேறி, அதன் விசிறி தூசு வாடையை ஊதுகிறது. நம் புள்ளியின் புதிய எக்ஸ்ரே பதிவை நிரல் மென்றுகொண்டிருக்கிறது. முடியக் கொஞ்ச நேரம் ஆகும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரிலும் இதே வாடைதான். 2005. எம்.ஃபில். ஆய்வுக்காக நாம் இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப்பாதி உட்கார்ந்திருப்போம். விண்வெளித் தொலைநோக்கி எடுத்துப் பொதுவில் வைத்திருந்த படம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பல லட்சம் விண்மீன்கள் பந்துபோல் அடைந்து கிடக்கும் கொத்து அது. எக்ஸ்ரேயில் பார்த்தால் அத்தனை கூட்டமும் மறைந்து, சில புள்ளிகள் மட்டும் மிஞ்சும். கடைக்கார அண்ணன் எட்டிப் பார்ப்பார்.

"நட்சத்திரத்துக்கு எக்ஸ்ரே எடுத்தா என்னத்த தெரியும்? எலும்பா?"

"ஆமாண்ணே, செத்துப்போன நட்சத்திரத்துக்க எலும்பாக்கும்!" என்றாய் நீ.

அவர் சிரித்தார். ஆனால் நீ சொன்னது சத்தியம். வெடித்து மாய்ந்த பெரிய விண்மீனில் எஞ்சுகிற சிறு உருண்டைதான் பல்சார். நம்முடையது விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்வது. அது அந்தக் கொத்துக்குள் இருப்பதை ரேடியோ தொலைநோக்கியில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். எக்ஸ்ரேயிலும் தெரிகிறதா என்பதுதான் நம் கேள்வி.

தெரியவில்லை! ரேடியோ காட்டிய இடத்தில் வெறும் இருட்டு. சற்றுத் தள்ளி ஒரு மங்கல் புள்ளி. நெறியாளர், "வேற தலைப்பு பாருங்கம்மா" என்றுவிட்டார். நான் சோர்ந்துபோய்ப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"எங்க அப்பன் நடுக்கடல்ல மீன் அடையுத பாறைய எப்பிடிக் கண்டுபிடிப்பாருன்னு தெரியுமா? கரையில மலை உச்சியையும் மாதா கோயில் கோபுரத்தையும் சேத்துப் பாப்பாரு. ரெண்டும் ஒண்ணுபோல வெலகித் தெரிஞ்சா, மலை நகரல ஏட்டி, வள்ளம்தான் நகந்திருக்கு."

படத்தில் இடம் உறுதியாகத் தெரிந்த வேறு இரண்டு பொருள்களை அளந்தோம். இரண்டும் ஒரே திசையில், ஒரே அளவுக்கு விலகி நின்றன. படம்தான் மொத்தமாக நகர்ந்திருக்கிறது! நேராக்கி வைத்ததும் நம் புள்ளி பல்சாரின் இடத்தில் அச்சாகப் போய் உட்கார்ந்தது. நீ போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரரின் சர்பத் கவிழ்ந்தது. அவருக்கு வேறு வாங்கிக்கொடுத்துவிட்டு நாமும் குடித்தோம்.

அந்த வாரமே குளச்சல் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாய். இருட்டியதும் தெற்கே, கடலுக்குக் கொஞ்சம் மேலே, பஞ்சுத் துணுக்குபோல அந்தக் கொத்து. "டெல்லிக்காரனுக்கு இது கிட்டாது, பாத்துக்க. நம்ம கடலுக்க மேலதான் உதிக்கும்" என்று பீற்றிக்கொண்டாய்.

வாய்மொழித் தேர்வில் மட்டும் நமக்கு அடி விழுந்தது. "இடம் ஒத்துப்போனால் ஆளும் அவர்தான் என்று ஆகிவிடுமா? அவ்வளவு நெரிசலில் அதே இடத்தில் வேறொன்று நிற்கலாமே" என்றார் தேர்வாளர். நியாயம்தான். பல்சாரின் சுழற்சிக்கு ஏற்ப அந்தப் புள்ளி எக்ஸ்ரேயிலும் விட்டு விட்டுத் துடித்தால்தான் அது பல்சார். நம்மிடம் இருந்த படத்தை எடுத்த கேமராவுக்கு அந்த வேகம் கிடையாது. வேகமான கேமராவால் யாராவது அதே கொத்தைப் பார்க்க வேண்டும், அந்தப் பதிவு பொதுவுக்கு வரவேண்டும். ஆளுக்கொரு கல்லூரியில் வேலைக்குப் போனோம், கல்யாணம் ஆயிற்று. ஆனாலும் போனை எடுத்தால் உன் முதல் கேள்வி, "வந்தாச்சா?" காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய். இல்லை என்று சொன்னேன். அந்த வாரம் நீ போய்ச் சேர்ந்தாய். உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நீ கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பதிவு இப்போதுதான் வந்து, இந்த மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரு, நிரல் முடிந்துவிட்டது.

துடிக்கிறது! ஏட்டி, துடிக்கிறது! வரைபடத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு முகடுகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. ரேடியோவில் எண்ணிய அதே வேகம், இம்மி பிசகவில்லை. அது வேறெதுவும் இல்லை, நம் பல்சார்தான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, அவ சொன்னது சரின்னு இன்னைக்கு ருசு ஆயிட்டு" என்றேன்.

"அவளுக்கு அது தெரியும்லா மக்கா," என்றார் அம்மா. "நீயாக்கும் இவ்வளவு நாளு தெரியாம கெடந்து தவிச்சிருக்க."

ஆமாம், தவித்தேன். அந்தத் தவிப்பும் நீ தொற்றவைத்ததுதான், இனி விடாது. அந்தப் படத்தில் இன்னும் பெயர் இல்லாத புள்ளிகள் கிடக்கின்றன. உனக்காக அழுவதை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்; இப்போது அடுத்த புள்ளியை நிரலில் போடப் போகிறேன்.