ரஸ்க்கை நான்தான் கூட்டிப்போனேன்

நேற்று அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பழுப்புக் கைப்பையை எடுத்து உதறினேன். ஜிப்பைத் திறந்ததுமே ஈரல் வாசனை. கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, சின்னச் சின்னதாக வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாயே, அதே வாசனை. பையின் மூலையில் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துப் போட மனம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் பையும் அப்படித்தான் மணக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கை போட நீ பையைத் திறந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் முழங்கையால் இடிப்பேன். "பார்த்தா பார்க்கட்டும்டி. நம்ம பிள்ளை பரிட்சைக்குப் படிக்கிறான். அவனுக்கு டிபன் இது" என்று காதோடு சொல்வாய்.

நம்ம பிள்ளை என்று நீ சொன்னது ரஸ்க்கை. நம் தெருமுனை பேக்கரிக்குப் பின்னால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டிக்குள் கிடந்த குட்டி. சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்து என் வாசலில் நின்றுதான் பெயர் வைத்தாய். "கலரைப் பாரு ஸ்டெல்லா, டீயில முக்கின ரஸ்க் மாதிரி இருக்கான்." அப்போது உன் மகன் டேனியல் ஜெர்மனிக்கு வேலைக்குப் போயிருந்தான். நீயும் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாய். இத்தனை வருஷம் வார்டையே கட்டி ஆண்ட குரல், அதன் பிறகு ஒரு நாய்க்குட்டியை "தண்ணி குடிச்சியா, ஏன் குடிக்கலை" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு சுவர் என்பதால் என் வீட்டில் எல்லாம் கேட்கும்.

உன் இதயத்தில் வால்வு சரியில்லை என்று டாக்டர் சொன்னபோது டேனியல் பதறிப்போனான். இனிமேல் தனியாக இருக்கக் கூடாது, தன்னோடு வந்துவிட வேண்டும் என்று தினமும் போன் பண்ணினான். ஒரு நாள் நீ ஒத்துக்கொண்டாய். "வர்றேன்டா. ஆனா ரஸ்க்கும் வருவான். அவன் வரலைன்னா நானும் வரலை."

அந்தப் பேச்சு நம் பேட்டை ஜோகுபாளையம் முழுக்கப் பரவியது. மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் நம்மை நிறுத்திக் கேட்டார்: "சிஸ்டர், தெரு நாய்க்கெல்லாமா பிளேனு?" நீ கோபப்படவில்லை. "தெருவில பொறந்தது அவன் தப்பா சார்? நான் மர்பி டவுன்ல ஒரே ரூம் வீட்டில பொறந்தவ. நானும் பிளேன்ல போகக் கூடாதா?" என்றாய். அவர் மாடி ஏறிவிட்டார். உன் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் உயரம் கூடியது போல இருந்தது.

அதற்கப்புறம் நம் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை. முதலில் நாய் கிளினிக்கில் ரஸ்க்கின் தோளில், தோலுக்கு அடியில், அரிசி மணி அளவு அடையாளச் சிப் போட்டார்கள். ஊசியைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அவன் தலையைப் பிடித்துக்கொண்டு டாக்டருக்கே யோசனை சொன்னாய். அப்புறம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஒரு மாதம் பொறுத்து, ஊசி பலித்ததா என்று பார்க்க ரத்தம் எடுத்து வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். ரிசல்ட் நன்றாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்துதான் போக முடியும் என்றார்கள்.

அந்த கிளினிக்கில் ஒரு நாள் வெள்ளை முடி ஜாதி நாயை மடியில் வைத்திருந்த பெண் கேட்டாளே, "ஆன்ட்டி, இது என்ன ப்ரீட்?" என்று. "ஜோகுபாளையம்" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவள் அதை ஏதோ வெளிநாட்டு ஜாதி என்று நினைத்துத் தலையாட்டினாள்.

பிளேனுக்கான கூண்டு வந்த நாள்தான் சிரமம். அவன் உள்ளே நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும் என்பதால் பெரியதாகவே வாங்கியிருந்தாய். உன் ஹாலில் பாதியை அது அடைத்துக்கொண்டது. ரஸ்க் அதைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போனவன் வெளியே வரவே இல்லை. ஈரலைக் காட்டினோம், கோழிச்சாறு வைத்தோம், எதற்கும் அசையவில்லை. நீ யோசித்துப் பார்த்தாய். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் போட்டு, அந்தக் கூண்டுக்குள் ஊர்ந்து போனாய். ஒல்லியான உடம்பு உனக்கு. உள்ளே போய், காலை மடக்கி உட்கார்ந்து, அவனைப் பார்த்து, "பாரு, நான் இருக்கேன்ல. என்ன ஆச்சு எனக்கு? ஒண்ணும் ஆகலை" என்றாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ரஸ்க் மெதுவாக வெளியே வந்து, கழுத்தை நீட்டி, உன் முழங்காலை மோந்து பார்த்தான். பிறகு உள்ளே வந்து உன் மேலேயே படுத்துக்கொண்டான்.

மறுவாரத்திலிருந்து மத்தியானத் தூக்கமே அவனுக்கு அதற்குள்தான். பக்கத்தில் மிக்சி ஓட்டினோம். குக்கர் விசில் அடிக்க விட்டோம். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போகும்போதெல்லாம் ஒரு ஈரல் துண்டு கொடுத்தாய். அதற்கும் பழகியபின் லக்கேஜ் ஆட்டோ பிடித்து, கூண்டை ஏற்றி, பின்னாலேயே நாமும் உட்கார்ந்து அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தோம். சிக்னலில் பைக்கில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எலெக்‌ஷனில் ஜெயித்தவள் மாதிரி கையாட்டிக்கொண்டு வந்தாய்.

காத்திருந்த அந்த மூன்று மாதத்துக்குள் நீ போய்விட்டாய். காலையில் காபி போட எழுந்தவள், அடுப்பு பற்றவைக்கும் முன்பே விழுந்துவிட்டாய். ரஸ்க் குரைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. சாவி என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ வேலை செய்த வார்டுக்காரர்களே வாசலில் நின்று உன்னை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் அழுததைப் பார்த்துத்தான் இனி ஒன்றுமில்லை என்று புரிந்தது.

டேனியல் வந்து அடக்கம் முடித்தான். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், காபி கொடுத்தான். யார் எதிரிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன்னைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றான். எல்லாரும் போனபிறகு என்னிடம் சொன்னான். "ஆன்ட்டி, ரஸ்க் உங்ககிட்டயே இருக்கட்டும். மம்மியே இல்லை, இவனை எதுக்கு அலைக்கழிக்கணும்? உங்களுக்கும் துணையா இருப்பான்."

எனக்கு அந்த வார்த்தை இனித்தது. உனக்குப் பிறகு என் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லாமல் போயிருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் இட்லி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. டேனியல் தரையில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கை கூண்டுக்குள் இருந்தது. உள்ளே ரஸ்க் அந்தக் கையின் மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தான். "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கலாம்டா. லீவு கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்கடா" என்று அவனிடம் சொல்லிச் சொல்லி உன் பிள்ளை அழுதுகொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றேன். ஒரு நாயிடம்தான் அவனால் அழ முடிந்திருக்கிறது. அந்த நாயை நான் எப்படி வைத்துக்கொள்வது?

இட்லித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். "டேனி, ரஸ்க் உன்கிட்டதான் வர்றான். உங்க அம்மா பாதி வேலையை முடிச்சிட்டா. மீதியை நான் பார்த்துக்கிறேன்."

"நான் இப்போ போனா உடனே திரும்பி வர முடியாது ஆன்ட்டி. யாரு கூட்டிட்டு வருவா?"

"நான்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. வேளாங்கண்ணிக்கு ரயிலில் போனதைத் தவிர நான் எங்கே போயிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டும் நீ சும்மா விடாமல் எடுக்கவைத்ததுதான். டேனியல் அழைப்புக் கடிதம் அனுப்பினான். விசா அலுவலகத்தில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நாயை அதன் வீட்டில் விட என்றேன். கேட்ட பெண் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மத்தியான மிக்சியை நான் ஓட்டினேன். ஈரலை நானே வேகவைத்தேன். உன்னளவுக்கு மெல்லிசாக வெட்ட வரவில்லை. ரஸ்க் குறை சொல்லவில்லை. புறப்படும் வாரம் அரசாங்கக் கால்நடை அலுவலகத்தில் அவனைப் பரிசோதித்துச் சான்றிதழில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். கூண்டுக்குள் விரிக்க உன் பழைய நீலப்பூப் போட்ட வாயில் சேலையை எடுத்துக்கொண்டேன். துவைக்காமல் வைத்திருந்த சேலை.

விமான நிலையத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஒரே ஒரு விஷயம் தவிர. கூண்டை எக்ஸ்ரேயில் அனுப்ப வேண்டும், நாயை வெளியே எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். கூண்டு போய்த் திரும்பி வந்தது. அதே நேரம் பக்கத்தில் யாரோ தள்ளிவந்த டிராலி சரிந்து பெட்டிகளெல்லாம் தடதடவென்று விழுந்தன. ரஸ்க் என் காலோடு ஒட்டிக்கொண்டான். உடம்பெல்லாம் நடுக்கம். உள்ளே போடா என்றால் போகவில்லை. ஈரலை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். கவுண்டர்காரர் தன்மையாகத்தான் சொன்னார். "மேடம், டைம் ஆகுது. இவன் போகலைன்னா இன்னிக்கு அனுப்ப முடியாது. கட்டாயப்படுத்தித் தள்ளவும் கூடாது."

நான் சுற்றிப் பார்த்தேன். எத்தனை ஜனம். நான் கட்டியிருந்தது பட்டுச்சேலை. முதல் முறை பிளேன் ஏறுகிறோமே என்று கட்டியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தேன். முழங்கால் போட்டேன். தலையையும் தோளையும் கூண்டுக்குள் நுழைத்தேன். என் உடம்புக்கு அதற்கு மேல் போகாது, பாதி உடம்பு வெளியேதான். உள்ளே உன் சேலை வாசனை. "ரஸ்க், பாரு, நான் இருக்கேன்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு போலீஸ்காரர் கன்னடத்தில் யாரையோ அதட்டினார்: "போட்டோ தெகிபேடி." போட்டோ எடுக்காதீர்கள் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் என் விலாவை இடித்துக்கொண்டு ஒரு ஈர மூக்கு உள்ளே வந்தது. என்னைத் தாண்டி நுழைந்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், உன் சேலையின் மேல் படுத்தான்.

நான் பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எழுந்திருக்க அந்தப் போலீஸ்காரர் கை கொடுத்தார். "தும்ப ஒள்ளே நாய், மேடம்" என்றார். ரொம்ப நல்ல நாய். "ஹௌது சார், நம்ம மனே நாய்" என்றேன். ஆமாம், எங்கள் வீட்டு நாய். சிரித்தவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் கையாட்டியிருப்பாய். எனக்கு அது வரவில்லை. ஆனால் தலையைக் குனியவும் இல்லை.

விமானத்தில் பணிப்பெண்ணிடம் என் நாய் ஏறிவிட்டதா என்று கேட்டேன். விசாரித்து வந்து, ஏறிவிட்டது, அமைதியாகப் படுத்திருக்கிறது என்றாள். அதற்குப் பிறகுதான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மேலே கிளம்பும்போது கண்ணை மூடி உன்னை நினைத்துக்கொண்டேன். என் ஜபமாலை கைப்பையில் ஈரலுக்கு நடுவில் இருந்தது.

ஃபிராங்க்பர்ட்டில் இறங்கியதும் கூண்டை ஓர் ஓரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வாலால் கூண்டைத் தட்டினான். அதிகாரி சிப்பைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். நீ செய்துவைத்ததில் ஒரு இடத்தில்கூட அவருக்குக் கேள்வி வரவில்லை.

வெளியே டேனியல் நின்றிருந்தான். கூண்டைத் திறந்தேன். ரஸ்க் முதலில் ஒரு மரத்தடிக்குப் போய் வெகுநேரம் காலைத் தூக்கி நின்றான். அப்புறம்தான் உன் மகனிடம் ஓடினான். டேனியல் ரோட்டிலேயே உட்கார்ந்து அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "மம்மி வாசனை அடிக்குது ஆன்ட்டி" என்றான். இந்த முறை எல்லாருக்கும் எதிரில் அழுதான்.

இரண்டு வாரம் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, ஓசூரிலிருந்து வந்தவர்கள், நல்ல மாதிரி. ரஸ்க் இல்லாத குறை இருக்கத்தான் செய்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் கண்ணில் புரை வளர்ந்து வருஷக்கணக்காகிறது. கத்தி என்றாலே பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வியாழக்கிழமை ஆபரேஷன். நானே போய் நாள் குறித்து வந்தேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"ஒரு நாயை ஜெர்மனி வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தவ டாக்டர் நான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.