தீப்பெட்டி கேமராவும் இரண்டு படங்களும்

செம்பவாங்
12.3.1958

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் சுகமே. உன் மூட்டுவலி தேவலையா?

பதறாமல் படி. தீப்பெட்டி அளவு ஜப்பான் கேமராக்களைச் சேர்க்கும் என் கிறுக்கு உனக்குத் தெரியுமே. அதில் ஒன்றைச் சட்டைப்பையில் மறந்து வெள்ளைக்காரன் போர்க்கப்பல் தளத்துக்குள் வேலைக்குப் போய்விட்டேன். உளவாளி என்று பிடித்துக்கொண்டார்கள். இந்தத் தொந்தியோடு உளவாளியா? பிலிமைக் கழுவினால் எல்லாம் என் மூஞ்சிதான், உனக்கனுப்ப எடுத்தவை. ஆனாலும் விசாரணை முடியும்வரை வேலை இல்லை.

மொழிபெயர்க்க வந்த சவரிமுத்து, இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் 'லா' போட்டுக் கேட்டான்: "என்னண்ணே, இத்தனை கேமரா வெச்சிருக்கீங்க, அண்ணி படம் ஒண்ணுகூட இல்லையா? குடும்பஸ்தன்னு எப்படி நம்புவாங்க லா?"

கண்ணை மூடினாலும் இப்போது உன் முகம் சரியாக வரமாட்டேன் என்கிறது.

உடனே படமெடுத்து விமானத் தபாலில் அனுப்பு. இரண்டு பிரதி போடச் சொல். விசாரிக்கும் துரையிடம் கொடுப்பது திரும்பி வராது.

தபால் எடுக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன்
வைரவன்