வெட்டுமேசை

கடையையும் என்னையும் ஒரே காலையில் விட்டுப் போனவருக்கு,

தையல் மிஷின்கள் நலம். துணி வெட்டும் மேசைதான் இல்லை. நேற்று அதைப் பிளந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு இரண்டு மாதம் நான் நீங்களாகவே இருந்தேன். உங்களைப் போலவே குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன். நேற்று ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு வந்தாள்.

"அக்கா, கழுத்து எப்படி வைக்கலாம்? உங்களுக்கு எது பிடிக்கும்?"

"அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் போனதும் பக்கத்து மரக்கடையில் கோடாரி இரவல் வாங்கி வந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உங்களைத் திட்டினேன். மரச்சிம்பு தெறித்து நெற்றி கிழிந்தது. நீங்கள் பாதியில் விட்டுப் போன சட்டையெல்லாம் ரத்தம். மேசை இரண்டாகி விழுந்தபோதுதான் பார்த்தேன், கோடாரி என் இடது கையில் இருந்தது.

கல்யாணமான வாரமே, "பீச்சாங்கையால வெட்டினா எவன் துணி குடுப்பான்?" என்று விரலில் அடித்து, கத்தரியை வலது கைக்கு மாற்றினீர்கள். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

கத்தரியைக் கேட்டு வராதீர்கள். அதைக் கதவின் வெளிப்பக்கம் குத்தி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இந்தக் கோணல் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் இப்போதுதான் பழக்கமாகிறது.

இப்படிக்கு,
பீச்சாங்கைக்காரி