விலக்குவதும் சேர்ப்பதும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், வலது தோளையும் வாயையும் தவிர. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பிசியோதெரபிக்கு வருகிறவர்களின் கைகால்களைச் சரிசெய்வதோடு உன் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா? போனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

அவருடைய இறுகிப்போன தோளுக்கு நீ சொல்லிக்கொடுத்த பயிற்சி அப்படியே கிடக்கிறது. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று விரல்களை மேலே மேலே நகர்த்தச் சொன்னாய், நானும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன், அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரலும் போகவில்லை. ஆனால் நீ சொன்ன இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டும் தெருவெல்லாம் போய்விட்டன. கையை உடம்பை விட்டு விலக்கித் தூக்கினால் அப்டக்‌ஷன், திரும்ப உடம்போடு சேர்த்தால் அடக்‌ஷன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. அவருடைய சலூனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். முகம் முழுக்க நுரையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பாவம் வாயைத் திறக்கவும் முடியாது, அவருக்கு இடது கையை ஆட்டி ஆட்டி ஒரு பிசகில்லாமல் வகுப்பு நடக்கிறது. கூட்டாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பாடம் போதும், கத்திரிக்கோலைப் பிடிங்க" என்றார். பிடிக்கலாம், முழங்கை உயர வேண்டுமே. நான் கிளம்பும்போது அந்தக் கூட்டாளி வாசல்வரை வந்து, "அண்ணி, தப்பா நினைக்காதீங்க, அண்ணன் நாற்காலிக்கு வேற ஆள் பாக்கட்டுமா, வர்றவங்க திரும்பிப் போறாங்க" என்று கேட்டார். நீ பிறப்பதற்கு முன்பிருந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற மனிதர் உன் அப்பா.

அன்று மாலையே போனில் உன்னிடம், "அம்மாடி, எது விலக்கறது எது சேக்கறது, மறுபடி குழம்பிடுச்சு" என்கிறார்! நீயும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்ததும், மத்தியானம் தெரிஞ்சது சாயங்காலம் எப்படி மறந்துச்சு என்று பிடித்துக்கொண்டேன். மழுப்பிப் பார்த்தார், பிறகு துண்டை உதறிக்கொண்டே, "கை சரியாயிட்டா அப்புறம் அவ எங்கிட்ட என்ன பேசுவா" என்றார். முன்பெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் பேசியது, "சாப்பிட்டியா, இரு, அம்மாகிட்ட தர்றேன்", அவ்வளவுதானே. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? உன் மேலும் கோபம்தான். பேச எவ்வளவோ இருக்க, அப்பாவுக்கும் மகளுக்கும் தோள்பட்டைதான் கிடைத்ததா? இனி அந்த வார்த்தைகளை விளக்காதே. வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொல், விரல் ஏறும்வரை வேறு எதையாவது பேசு, உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல், உன் மேலதிகாரியைத் திட்டு. கை இறங்கினால் பேச்சை நிறுத்து. வலிக்கிறது என்பார், இளகிவிடாதே. சரியான பிறகும் கூப்பிடுவேன் என்று உன் வாயால் சொல், நான் சொன்னால் நம்பமாட்டார்.

நேரத்தில் தூங்கு. நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. இனிமேல் என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே கூப்பிடு.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா